ஏஎம்எக்ஸ்-13, 1/35: வாஷ் போட்டதும் பச்சை கறுத்துவிட்டது, எங்கே தவறு?

யீஷூன்_புதியவன்

வணக்கம். டாக்கோம் நிறுவனத்தின் 1/35 பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டி, ஏஎம்எக்ஸ்-13 டாங்கி, 75 மி.மீ. பீரங்கி. சாம்பல் பிரைமர், அதன்மேல் தமியா எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராப் பச்சை. இதுவரை ஏர்பிரஷ்தான். அடுத்து வார்னிஷ் இல்லாமல் கறுப்பு எனாமல் வாஷை (பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட்) வண்டி முழுக்கப் பூசினேன். இப்போதைய நிலை:

பச்சை மொத்தமும் அழுக்குக் கறுப்பு. மேல்தளத்தில் நீர் காய்ந்த தடம்போல வளையங்கள். பீரங்கிக் கூட்டின் ஒரு பக்கம் வாஷுக்கு முன்பே பனி படிந்ததுபோல் வெளுத்திருந்தது, அது இன்னும் தெரிகிறது. டிராக்குக்கு (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) ஆரஞ்சுத் துரு நிறம் அடித்தேன், பொம்மைபோல் இருக்கிறது.

சிங்கப்பூரின் வடமேற்கில் லிம் சூ காங் பக்கம் பயிற்சி முடிந்து வந்த வண்டியாகக் காட்ட வேண்டும். எங்கிருந்து சரிசெய்வது?

---

தின்னர்_அக்கா

தம்பி, இதில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அதனால் ஒரே மருந்து போதாது.

முதலில் வெளுப்பு. லாக்கர் தின்னர் ஆவியாகும்போது பெயின்டின் மேற்பரப்பைக் குளிர வைக்கும். சுற்றியுள்ள காற்று ஈரமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நுண்ணிய நீர்த்துளி படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்ளும். வெள்ளையாகத் தெரிவது அதுதான். நம் ஊரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் போகும். மழையில்லாத நாளில் பிற்பகல் நடுவில் 60 அளவுக்கு இறங்கும். ஆகவே அடிப்பதானால் மதியம் 2 மணியிலிருந்து 5 மணிக்குள் அடியுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போதோ பெய்து ஓய்ந்த உடனேயோ வேண்டாம். ஏர்கான் அறையாக இருந்தால் டிரை மோடில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிறகு தொடங்குங்கள். ஸ்ப்ரே பூத் விசிறி உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும்போது கதவிடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். பூத்தை நாள் முழுக்க ஓடவிட்டால் ஏர்கான் போட்ட பலன் போய்விடும். அடிக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டு, வாடை போனதும் நிறுத்துங்கள்.

வெளுத்த இடத்தை உரிக்க வேண்டியதில்லை. மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் உலர்வைத் தாமதப்படுத்தும் பொருள் கலந்திருக்கிறது. பெயின்ட் கலக்காமல் அதை மட்டும் 15 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில், ஒரு சாண் தூரத்திலிருந்து, மெல்லிய ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும் அடியுங்கள். பெயின்ட் லேசாக இளகும், நீர் வெளியேறும், நிறம் திரும்பிவிடும். ஆனால் எனாமல் வாஷைத் துடைத்து எடுத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், முன்பு அல்ல.

இரண்டாவது, வளையங்கள். எக்ஸ்எஃப் வரிசை முழுக்க மேட், அதாவது பளபளப்பற்றது. மேட் பரப்பு நுண்ணளவில் மணற்காகிதம் மாதிரி இருக்கும். வாஷ் ஓடிப் பள்ளத்தில் சேராமல் விழுந்த இடத்திலேயே ஊறிக்கொள்ளும். ஊறிய குளம் விளிம்பிலிருந்து உலரும்போது நிறமித்தூள் விளிம்புக்கு ஒதுங்கி வளையமாகிறது. கீழே வழுவழுப்பான பூச்சு இருந்திருந்தால் வாஷ் தானாகவே ரிவெட்டையும் தகட்டு இணைப்பையும் தேடி ஓடியிருக்கும்.

மூன்றாவது, கறுப்பு. பச்சைமேல் கறுப்பு வாஷ் போட்டால் பச்சை செத்துவிடும். ஆலிவ் பச்சைக்கு அடர் பழுப்புதான். எரித்த அம்பர் 3 பங்கு, கறுப்பு 1 பங்கு போதும்.

போட்டு எத்தனை நாள் ஆயிற்று? ஒரு வாரத்துக்குள் என்றால் வாடையில்லா வெள்ளை ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் முக்கால்வாசி எடுத்துவிடலாம். மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். லாக்கர் தின்னரை இதற்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், அடிப்பூச்சோடு வந்துவிடும்.

---

யீஷூன்_புதியவன்

நன்றி அக்கா. நான்கு நாள்தான். பஞ்சுக்குச்சிக்கு நன்றாக வருகிறது. இடுக்குகளில் மட்டும் கறுப்பு நிற்கிறது.

---

காலாங்_கரை

இடுக்கில் நிற்பதை விட்டுவிடுங்கள், அது உங்களுக்கு இலவச நிழல்.

துடைத்த பிறகு பச்சையை மீட்க முழு வண்டிக்கும் மறுபடி எக்ஸ்எஃப்-62 அடிக்காதீர்கள். எக்ஸ்எஃப்-62 ஆறு பங்கு, எக்ஸ்எஃப்-57 பஃப் (வெளிர் மண்நிறம்) ஒரு பங்கு. இதை ஒன்றுக்கு நான்கு தின்னரில் கலந்தால் கிட்டத்தட்ட அழுக்குத் தண்ணீர்போல இருக்கும். 12 பிஎஸ்ஐ, 0.3 மி.மீ. ஊசி, 3 செ.மீ. தூரம். தகடுகளின் நடுவில் தொடங்கி விளிம்புக்கு முன்பே நிறுத்துங்கள். வெயில் நேராக விழும் மேல்தளத்துக்கு மூன்று நான்கு முறை, செங்குத்துச் சுவர்களுக்கு ஒரு முறை, அடிப்பகுதிக்குத் தேவையில்லை. வெளிறச் செய்ய வெள்ளையைக் கலக்காதீர்கள். ஆலிவ் பச்சையில் வெள்ளை சேர்ந்தால் புதினாத் துவையல் நிறத்துக்குப் போகும். பஃப் அல்லது எக்ஸ்எஃப்-60 அடர் மஞ்சள் சேர்த்தால்தான் வெயில் தின்ற பச்சை வரும்.

வழுவழுப்பான பூச்சு பற்றி அக்காவோடு சிறு வேறுபாடு. முழுப் பளபளப்பு வார்னிஷ் டீக்கால் (எண், சின்னம் அச்சிட்ட மெல்லிய ஒட்டி) ஒட்டும் இடத்துக்கு மட்டும் போதும். வண்டி முழுவதும் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டால் வாஷ் பள்ளத்தில் தவிர வேறெங்கும் நிற்காது, வரைபடம்போல் கோடு கோடாகத் தெரியும். அரைப் பளபளப்பு போதும். வாஷ் ஓடவும் ஓடும், சுற்றிலும் கொஞ்சம் சாயமும் விடும்.

---

தின்னர்_அக்கா

அரைப் பளபளப்பு அனுபவக் கைக்குச் சரி. முதல் வண்டிக்கு நான் முழுப் பளபளப்பையே சொல்வேன், ஏனென்றால் தவறினால் துடைத்து எடுக்க முடியும். தமியாவின் பளபளப்பு வார்னிஷ் எக்ஸ்-22 ஒரு பங்கு, லாக்கர் தின்னர் இரண்டு பங்கு, இரண்டு மெல்லிய பூச்சு. பெட்டியில் எந்தக் கணக்கு போட்டிருந்தாலும் இங்கே 48 மணி நேரம் விடுங்கள். விரலுக்குக் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. அந்த நிலையில் எனாமல் போட்டால் பூச்சு சுருங்கி வெடிக்கும். மூக்கருகே வைத்து முகர்ந்தால் தின்னர் வாடை வரக்கூடாது. அதுதான் சோதனை.

கேமரா வைக்கும் டிரை கேபினெட் வீட்டில் இருந்தால் 45 விழுக்காட்டில் வைத்து வண்டியை உள்ளே உலரவிடலாம். ஆனால் லென்ஸை வெளியே எடுத்துவிடுங்கள், தின்னர் ஆவி அதன் பூச்சுக்கு ஆகாது.

கம்ப்ரஸரைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றை அழுத்தும்போது சூடாகும், குழாயில் போகப் போகக் குளிரும், குளிர்ந்த இடத்தில் நீர் பிரியும். அதனால் கம்ப்ரஸரிலேயே இருக்கும் நீர்ப்பொறியைத் தாண்டியும் குழாயில் நீர் சேரும். ஏர்பிரஷ் கைப்பிடிக்குக் கீழே இன்னொரு சிறு பொறி மாட்டுங்கள். கம்ப்ரஸரில் தொட்டி இருந்தால் வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் அடித்திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். பூச்சில் திடீரென்று சிறு கொப்புளமோ எச்சில் தெறித்தமாதிரி புள்ளியோ வந்தால் பெயின்டைக் குறை சொல்லும் முன் அங்கே பாருங்கள்.

---

செம்மண்35

எல்லோரும் பெயின்டைப் பேசுகிறீர்கள். எனக்கு அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. இது எந்த வண்டி, எந்த நாள், எங்கே நிற்கிறது?

1969 ஆகஸ்ட் 9 தேசிய தின அணிவகுப்பில் பாடாங் திடலில் 18 ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகள் வந்தன. அந்த வண்டி என்றால் சேறே கூடாது. சக்கர ரப்பரில் தார்ச்சாலைத் தூசி, கையூன்றி ஏறும் இடங்களில் மினுமினுப்பு, அவ்வளவுதான். பயிற்சி முடிந்து வந்த வண்டி என்றால் வேறு கதை. அதிலும் கழுவுவதற்கு முன்னா, கழுவிய பின்னா? பயிற்சி வண்டிகள் போர்க்கள வண்டிகள்போல் மாதக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடப்பதில்லை. திரும்பியதும் கழுவப்படும், பராமரிக்கப்படும், மறுபடி பெயின்ட் அடிக்கப்படும். அதனால் பெரிய துருத் தழும்பும் உரிந்து தொங்கும் பெயின்டும் நம் வண்டிக்குப் பொய். ஆனால் சேறு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். மூலை முடுக்கில் கழுவியும் போகாத செம்மண் எப்போதும் இருக்கும்.

இனி மண். பெட்டிக்கடைச் சரக்குபோல "ஐரோப்பியச் சேறு", "வட ஆப்பிரிக்கத் தூசி" என்று வரும் பிக்மெண்ட் (நிறமித்தூள்) குப்பிகளில் நம் மண் இல்லை. தீவின் நடுவில் புக்கிட் தீமா கருங்கல் சிதைந்த மண் செம்மஞ்சள். மேற்கில் ஜூரோங் படிவத்தின் மணற்கல்லும் களிமண்கல்லும் சிதைந்தால் செம்பழுப்பு, சில இடத்தில் ஊதாச் சாயல்கூட வரும். கிழக்கே பழைய வண்டல், மஞ்சளும் சாம்பலும் கலந்தது. ஆற்று முகத்திலும் கரையோரத்திலும் காலாங் படிவத்தின் கடல் களிமண், நீலச்சாம்பல். சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. ஓவியர்களின் எரித்த சியன்னாவிலும் அதே பொருள்தான் இருக்கிறது. அதனால்தான் அதை வைத்துக் கலந்தால் பொருந்துகிறது.

வடமேற்குப் பக்கச் செம்மண்ணுக்கு என் கலவை: எரித்த சியன்னா 2, மஞ்சள் ஓக்கர் 1, எரிக்காத அம்பர் (ரா அம்பர்) 1, எல்லாம் உலர் தூள். ஓவியப் பொருள் கடைகளில், பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் போன்ற இடங்களில், தூளாகவே கிடைக்கும். சின்னக் குப்பிகளைவிட மலிவு. இதிலிருந்து மூன்று சாயல் எடுங்கள். அப்படியே ஒன்று. பஃப் நிறத் தூள் சேர்த்து வெளிறியது ஒன்று. அம்பர் கூட்டி அடர்ந்தது ஒன்று. ஒரே சாயலில் சேறு போட்டால் சாக்லெட்டில் முக்கியதுபோல் ஆகிவிடும்.

போடும் வரிசை உலர்ந்ததிலிருந்து ஈரத்துக்கு. முதலில் வெளிறிய தூளை வெள்ளை ஸ்பிரிட்டில் தேநீர் பதத்துக்குக் கரைத்து அடிவயிறு, சக்கரங்களின் உட்புறம், மட்கார்டின் கீழ்ப்பகுதி முழுக்கப் பூசுங்கள். உலர்ந்ததும் கைப்படாத இடத்தில் மட்டும் விட்டு, மற்ற இடத்தில் ஈரத்தூரிகையால் மேலிருந்து கீழ் இழுத்து எடுங்கள். அது பழைய சேறு. அதன்மேல் நடுச்சாயலில் கெட்டிக் கலவை: தூள் 3, பிளாஸ்டர் 1, மேட் அக்ரிலிக் மீடியம், குழைசாதப் பதம் வரும்வரை நீர். பிளாஸ்டர் உலர்ந்தால் நிறம் இரண்டு படி வெளிறும், அதனால் பழைய அட்டையில் போட்டு உலரவிட்டுப் பார்த்த பிறகே வண்டியில் வையுங்கள். கடைசியில் அடர்ந்த சாயல், டிராக்குக்கு அருகே மட்டும், உலர்ந்த பின் அரைப் பளபளப்பு வார்னிஷைச் சில இடத்தில் தொட்டுவைத்தால் இன்னும் காயாத சேறு.

தெறிப்புக்கு: குட்டைத் தூரிகையில் கலவையைத் தோய்த்து, பல்குத்தும் குச்சியின்மேல் ஏர்பிரஷ் காற்றை மட்டும் ஊதுங்கள். முதலில் காகிதத்தில். டிராக் தரையை விட்டு எழும் பின்பக்கம்தான் சேறு அதிகம் ஏறும். முன்மூக்கில் சேற்றை அப்பிப் பின்தகட்டைச் சுத்தமாக விடுவது கண்ணை உறுத்தும் தவறு.

---

யீஷூன்_புதியவன்

இவ்வளவு இருக்கிறதா! கழுவுவதற்கு முன், மழையில் கொஞ்சம் நனைந்த வண்டி என்று முடிவு செய்கிறேன். மழைக்கோடு எப்படி?

---

காலாங்_கரை

அதற்கு எண்ணெய் வண்ணம்தான் சரி. குழாயிலிருந்து எடுத்த எண்ணெய் வண்ணத்தை நேராகப் பயன்படுத்தாதீர்கள். அட்டைமேல் பிதுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் அட்டையில் இறங்கிவிடும். இல்லையென்றால் உலர்ந்த பின்னும் மினுங்கும், உலரவும் நாளாகும்.

செங்குத்துத் தகடு லேசாக வெள்ளை ஸ்பிரிட் ஈரத்தில் இருக்கட்டும். மேல் விளிம்பில் ஊசிமுனைப் புள்ளியாகப் பஃபும் பழுப்பும் மாற்றி மாற்றி வையுங்கள். சுத்தமான தட்டைத் தூரிகையை ஸ்பிரிட்டில் நனைத்து, துணியில் கிட்டத்தட்ட உலரத் துடைத்து, நேர் கீழே இழுங்கள். கோடு பாதியில் மறைய வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு ஊற்று இருக்க வேண்டும்: போல்ட், கொக்கி, மூடியின் கீல், வெல்டிங் மூலை. எதுவும் இல்லாத தகட்டின் நடுவிலிருந்து கோடு தொடங்கினால் அதைப் பார்ப்பவர்க்குக் காரணம் தெரியாமலே பொய்யாகப் படும். பீரங்கிக்கூட்டின் சாய்வில் கோடு சாய்வின் போக்கில்தான் ஓடும். வண்டியைக் கையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கோடு இழுப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். தட்டையாக மேசையில் வைத்துச் செய்யுங்கள்.

எண்ணெய் வண்ணம் ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அம்பர் வேகமாக இறுகும். வெள்ளையும் ஐவரி கறுப்பும் நாள்கணக்கில் இழுக்கும். ஒரு படலத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் கொடுங்கள்.

---

இரும்புச்சங்கிலி

டிராக் பற்றி யாரும் தொடவில்லை.

ஓடும் டிராக்கில் ஆரஞ்சுத் துரு நிற்காது. தரையும் சக்கரமும் உரசிக்கொண்டே இருப்பதால் தொடும் பரப்பு வெள்ளியாக மினுங்கும், தொடாத பள்ளம் கரும்பழுப்பாக இருக்கும், அதன்மேல் மண். அடிநிறம்: எக்ஸ்எஃப்-10 பழுப்பு 2, எக்ஸ்எஃப்-69 நேட்டோ கறுப்பு 1, எக்ஸ்எஃப்-56 உலோகச் சாம்பல் கொஞ்சம். உலர்ந்ததும் செம்மண்35 சொன்ன நடுச்சாயல் தூளை ஸ்பிரிட்டில் கரைத்து ஊற்றுங்கள். காய்ந்த பின் தரையைத் தொடும் மேட்டை ஸ்பிரிட் துணி சுற்றிய விரலால் துடைத்து, 4பி பென்சில் கரியைப் படுக்க வைத்துத் தேயுங்கள். சக்கரம் ஓடும் உட்பரப்பில் பளபளப்பு மங்கலாக வேண்டும், அங்கே உரசுவது ரப்பர். முன்பக்கப் பற்சக்கரத்தின் பற்கள் மாறாக நன்றாக மினுங்கும். ஏஎம்எக்ஸ்-13இல் இழுக்கும் பற்சக்கரம் முன்னால்தான் இருக்கிறது, பின்னால் இருப்பதில் மினுமினுப்பைப் போட்டுவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். வண்டி ஓடி நின்று, இரவு மழையில் நனைந்தால், காலையில் அதே மினுங்கும் பரப்பில் மெல்லிய ஆரஞ்சுப் படலம் வந்திருக்கும். பத்து மீட்டர் ஓட்டினால் போய்விடும். ஆகவே "ஆரஞ்சே தப்பு" என்பதும் சரியல்ல. நிறுத்தி வைத்த வண்டி என்றால் மினுங்கும் மேட்டில் மட்டும், மிக மெல்லியதாக. தம்பி போட்டதுபோல் பள்ளத்தில் அல்ல.

அடுத்தது எச்சரிக்கை. தனித்தனிக் கண்ணிகளாகக் கோக்கும் டிராக்கில் ஊசிகள் விறைப்பாகப் பொருத்தப்பட்டிருக்கும். எனாமல் தின்னர் அந்த இடுக்கில் ஊறி, அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கை மொறுமொறுவென்று ஆக்கிவிடும். மறுநாள் தொட்டால் கண்ணி கண்ணியாகக் கழன்று விழும். பிரைமரை எல்லா இடுக்கிலும் படும்படி அடியுங்கள், ஸ்பிரிட்டைக் குளமாக நிற்க விடாதீர்கள், பத்து நிமிடத்தில் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். சக்கர அச்சுக்கும் இதே கவனம்.

---

யீஷூன்_புதியவன்

அண்ணா, புகைபோக்கி? டீசல் கரி என்று கறுப்பைத் தூவலாமா?

---

இரும்புச்சங்கிலி

நல்ல வேளை கேட்டீர்கள். ஏஎம்எக்ஸ்-13 பிறப்பில் பெட்ரோல் வண்டி. சிங்கப்பூர் பின்னர் அதை எஸ்எம்1 என்று மேம்படுத்தியபோதுதான் டெட்ராய்ட் டீசல் இயந்திரம் வந்தது. பெட்ரோல் இயந்திரப் புகைவாயில் சாம்பலும் பழுப்பும் கலந்து வறண்டிருக்கும். டீசல் என்றால் எண்ணெய்ப்பசையுள்ள கருங்கரி. நீங்கள் பெட்டியில் உள்ளபடி பழைய வண்டியைக் கட்டினால் கரியை அடக்குங்கள். எஸ்எம்1 ஆக்க வேண்டுமானால் கரியை மட்டும் தூவிப் பயனில்லை, இயந்திர மேல்தளத்தையே படம் பார்த்து மாற்ற வேண்டும்.

புகைக்குழல் உடலுக்கு: மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற கெட்டிப் பிரைமரைக் குட்டைத் தூரிகையால் குத்திக் குத்தி வைத்துச் சொரசொரப்பாக்குங்கள். எக்ஸ்எஃப்-64 செம்பழுப்பு, மேலே பஞ்சுத்துண்டால் ஒற்றிய ஆரஞ்சுப்பழுப்பு, பிறகு தூள். வண்டியில் தாராளமாகத் துரு காட்ட உரிமையுள்ள இடம் இது ஒன்றுதான், சூட்டில் பெயின்ட் நிற்காது.

---

காலாங்_கரை

பெயின்ட் உரிவது பற்றியும் அதே அளவுகோல் வேண்டும். நம் ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தின் விட்டம் 24.65 மி.மீ. 1/35இல் அது 0.7 மி.மீ. நீங்கள் பஞ்சால் ஒற்றும் ஒரு புள்ளி 2 மி.மீ. இருந்தால், அசல் வண்டியில் அது 7 செ.மீ. அகலமான உரிப்பு, கிட்டத்தட்ட உள்ளங்கை. ஆள் ஏறி இறங்கும் மூடி விளிம்பு, கருவிகள் கட்டும் இடம், மட்கார்டு முனை, இவற்றில் மட்டும், நாணயத்தைவிடச் சிறிதாக. உரிந்தால் உடனே இரும்பு தெரியாது, முதலில் வெளிறிய பச்சையோ பிரைமரோ தெரியும். வெளிறிய பச்சையால் ஒற்றி, அதன் நடுவில் ஊசிமுனையளவு கரும்பழுப்பு வைத்தால் ஆழம் வந்துவிடும்.

இதையே எம்113 கவச வாகனத்துக்குச் செய்யப் போகிறவர்கள் கவனிக்க: அதன் உடல் அலுமினியம். அங்கே துரு நிறம் வைத்தால் முழுத் தப்பு, மங்கிய சாம்பல்தான்.

---

தோட்டத்துமண்

ஹேர்ஸ்பிரே முறையில் உரிப்பது சுலபமில்லையா? அப்புறம், சேற்றுக்கு அந்த இடத்து மண்ணையே சல்லடையில் சலித்துப் போட்டால் நிறம் கச்சிதமாக இருக்குமே?

---

தின்னர்_அக்கா

ஹேர்ஸ்பிரே முறை பச்சை அடிப்பதற்கு முன் செய்ய வேண்டியது, தம்பியின் வண்டிக்கு இனி ஆகாது. மற்றவர்களுக்காக: பிரைமர், துருநிறம், அது முழுதும் காய்ந்ததும் ஹேர்ஸ்பிரே இரண்டு மெல்லிய பூச்சு, 15 நிமிடம் கழித்துப் பச்சை. பச்சையை லாக்கர் தின்னரில் கலந்தால் அது கீழே கடித்துப் பிடித்துக்கொள்ளும், உரியாது. தமியாவின் எக்ஸ்-20ஏ அக்ரிலிக் தின்னரில் கலக்குங்கள். அரை மணியிலிருந்து ஓரிரு மணிக்குள் வெதுவெதுப்பான நீரைத் தொட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, கெட்டித் தூரிகையால் தட்டுங்கள். வலெஹோ போன்ற நீர் அக்ரிலிக் தோல்போலப் படிவதால் பொடியாக உரியாமல் தகடு தகடாக வரும். அதனால் இந்த முறைக்குத் தமியாவே நல்லது.

---

செம்மண்35

அசல் மண் நிறத்தில் கச்சிதம்தான், அளவில் இல்லை. 1 மி.மீ. மணல் 1/35இல் 35 மி.மீ. ஜல்லி ஆகிவிடும். சலித்தாலும் சல்லடை போதாது, பெண்கள் அணியும் நைலான் காலுறையில் வடித்த பொடி மட்டும் உதவும். இன்னொன்று பூசணம். மண்ணில் உயிர்ப்பொருள் இருக்கிறது. வெள்ளைப் பசையோடு கலந்து நம் ஈரக்காற்றில் வைத்தால் சில வாரங்களில் வெள்ளை முளைக்கும். இலைக்குப்பைக்காகத் தேயிலைத்தூள் தூவுபவர்களுக்கும் இதே கதிதான். போடுவதென்றால் அடுப்பில் 120 டிகிரியில் அரை மணி நேரம் வறுத்து, பசைக்குப் பதில் மேட் அக்ரிலிக் மீடியம் பயன்படுத்துங்கள். தூள்களைக் குப்பியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள், கட்டியான தூள் தூவும்போது பொட்டுப் பொட்டாக விழும்.

என்னைக் கேட்டால், அந்த மண்ணை ஒரு தாளில் ஈரமாகவும் காய்ந்தும் பூசிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தூளை அதற்குக் கலப்பதே நல்ல வழி.

---

யீஷூன்_புதியவன்

நன்றி. மூன்று சின்னக் கேள்விகள். பீரங்கிக் கூட்டின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக இருக்கிறதே, அதற்குப் பச்சையா? கடைசியில் மேட் வார்னிஷ் தூளுக்கு முன்பா பின்பா? வீவக அடுக்குமாடி வீட்டில் பின்கட்டில் அடிக்கலாமா?

---

காலாங்_கரை

இந்த வண்டியின் பீரங்கி கூட்டின் மேல்பாதியோடு சேர்ந்தே மேலும் கீழும் ஆடும். அந்த மடிப்பு, இரண்டுக்கும் நடுவே நீரும் மண்ணும் போகாமல் மூடும் நெகிழ்வான உறை. உலோகம் அல்ல. எக்ஸ்எஃப்-85 ரப்பர் கறுப்பில் பஃப் கொஞ்சம் சேர்த்து, முழு மேட். மடிப்பின் மேட்டில் வெளிறிய சாம்பல் உலர் தூரிகை, பள்ளத்தில் வெளிறிய தூசி. பெயின்ட் உரிந்த தடம், உலோக மினுமினுப்பு எதுவும் அங்கே கூடாது. மற்ற பரப்பெல்லாம் பச்சையாக இருக்கும்போது இந்த வேறுபாடு ஒன்றே கூட்டை உயிரோடு காட்டும்.

---

தின்னர்_அக்கா

மேட் வார்னிஷ் வாஷுக்கும் எண்ணெய் வண்ணத்துக்கும் பின், தூளுக்கு முன். தூள் மேட் பரப்பில்தான் பிடிக்கும். தூளின்மேல் வார்னிஷ் அடித்தால் பாதி பறக்கும், மீதி நனைந்து நிறம் இருண்டு காணாமல் போகும். தூளை நிறுத்த வேண்டுமானால் ஃபிக்ஸரைத் தூரிகை முனையால் விளிம்பில் தொடுங்கள், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மேட் வார்னிஷையும் ஈர நாளில் அடிக்காதீர்கள், புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். அடியில் தங்கிய மேட் பொருள் கடைசியில் கெட்டியாக வந்தால் வெள்ளைப் பொடி பூத்துவிடும்.

பின்கட்டில் கேஸ் அடுப்பும் கேஸ் வாட்டர் ஹீட்டரும் பக்கத்தில் இருக்கும் வீடு என்றால் லாக்கர் அங்கே கூடவே கூடாது, அதன் ஆவி தீப்பிடிக்கும். பொது நடைவழியிலும் வேண்டாம், அண்டை வீட்டுக்கு வாடை போகும். அறைச் சன்னலுக்குக் குழாய் விட்ட பூத், கரிம ஆவிக்கான கார்ட்ரிஜ் உள்ள சுவாசக்கவசம். மருத்துவ முகக்கவசம் தூசியைத் தடுக்கலாம், தின்னர் ஆவியைத் தடுக்காது. கழித்த தின்னரைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் சேர்த்தால் இரண்டு நாளில் நிறமி அடியில் தங்கும், மேலே தெளிந்ததைத் தூரிகை கழுவ மறுபடி பயன்படுத்தலாம்.

---

யீஷூன்_புதியவன்

துடைத்து, வெளுப்பை எடுத்து, பஃப் கலந்த பச்சை மேல்தளத்துக்கு அடித்தாயிற்று. எக்ஸ்-22 போட்டு 48 மணி நேரக் கணக்கு ஓடுகிறது. எம்ஐடி (ராணுவ வாகன) எண்பலகை டீக்காலை இப்போது ஒட்டலாமா, வாஷுக்குப் பின்னா?

---

இரும்புச்சங்கிலி

வாஷுக்கு முன். பளபளப்பின்மேல் ஒட்டி, டீக்காலை இளக்கும் மார்க் சாஃப்டர் திரவம் தடவி, ஒரு நாள் விட்டு, அதன்மேல் மெல்லியதாக மறுபடி எக்ஸ்-22. அப்போதுதான் வாஷும் சேறும் எண்பலகைமேலும் ஏறும். சேற்று வண்டியில் எண்பலகை மட்டும் புத்தம்புதிதாக மினுங்கக்கூடாது.